வடசென்னையில் மழைக்கால எம்.டி.பி.: தடத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

எம்.டி.பி. என்பது மலையிலும் மண் தடத்திலும் ஓட்டும் மவுன்டன் பைக் சைக்கிள். வடசென்னையில் மலை இல்லை. பலகை நட்டு ‘இது எம்.டி.பி. தடம்’ என்று யாரும் ஒதுக்கிக் கொடுத்த இடத்தையும் நம்பிப் போக முடியாது. நமக்கு வாய்த்தது ஏரியை ஒட்டிய வண்டித்தடம், தோப்பு வழி, வீடு எழும்பாத மனைப்பிரிவுகளில் போட்ட கிராவல் ரோடு, கடலோர மணல். சித்திரை, வைகாசியில் இவற்றில் எங்கே ஓட்டினாலும் புழுதியும் வெயிலும்தான் தொல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு நிலைமை வேறு. நேற்று வரை சிமென்ட் தரை மாதிரி கிடந்த ஒரு தடம் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தடம் மழை விட்ட மறுநாளே காய்ந்துவிடும். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். மண்தான் வேறு.

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, மொபைல் செயலியில் யாரோ ஓட்டிப் பதிந்த கோட்டை அப்படியே நம்புவது. ஜூன் மாதம் பதிந்த கோடு டிசம்பரில் ஏரித் தண்ணீருக்குள் கிடக்கும். கோட்டைத் திறந்ததும் தேதியைப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் ஓட்டிய பதிவு இருந்தால் மட்டும் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கீழே உள்ள வரிசையில் நீங்களே முடிவெடுப்பது நல்லது.

முதல் படி: எந்த மண் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வடக்கே ஐந்து வகைத் தரை உண்டு.

செம்மண் சரளை. செங்குன்றத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அந்தப் பக்கத்து மேட்டுநிலத்தில் துருச்சிவப்பில் சின்னச் சின்னக் கற்கள் கலந்த மண் கிடக்கும். தண்ணீர் இதில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஈரமாக இருக்கும்போதும் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். மழைக்காலத்தில் புதியவர்களுக்கு உகந்த தரை இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வண்டித்தடத்தின் பள்ளமான பகுதியில் மேலேயிருந்து அடித்து வந்த மெல்லிய வண்டல் படிந்திருக்கும். அது வழுக்கும்.

மணல். மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி தொடங்கி பழவேற்காடு வரைக்கும் கடலோரக் கிராமங்களில் தோப்பு வழிகள் மணல்தான். மழை பெய்தால் மணல் கெட்டிப்படும். மார்கழியில் இங்கே ஓட்டுவது சித்திரையில் ஓட்டுவதைவிடச் சுலபம்.

களிமண். மீஞ்சூர், பொன்னேரி வயல்வெளி, ஆற்றோரப் படுகை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடங்கள் எல்லாம் இந்த வகை. ஒரு நல்ல மழை போதும், வாரக்கணக்கில் ஈரம் காயாது.

உப்பங்கழிச் சேறு. எண்ணூர் முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம், பழவேற்காடு ஏரி விளிம்பு. மேலே வெள்ளை பூத்த காய்ந்த தோல், அடியில் கறுப்பு உளை. சதைப்பற்றான உமரிச் செடி சிவந்து படர்ந்திருந்தால் அங்கே சைக்கிள் வேண்டாம், திரும்பிவிடுங்கள். முன்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும். இழுக்க இறங்கினால் காலும் இறங்கும்.

சாம்பல் தரை. எண்ணூர், அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் உண்டு. பார்ப்பதற்கு நனைந்த கடற்கரை மணல் போலச் சமமாக, கெட்டியாகத் தெரியும். இந்தச் சாம்பல் மாவைப் போல நுண்ணியது. ஈரத்தோடு இருக்கும்போது எடை விழுந்து அதிர்ந்தால் இளகிக் கூழாகிவிடும். மழைக்காலத்தில் இதில் இறங்கவே கூடாது.

பெயர் தெரியாத இடத்தில் மண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பிடி எடுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் கலப்பு மண், ஓட்டலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் ஒடியாமல் நீண்டு, விரலில் பளபளவென்று ஒட்டிக்கொண்டால் சுத்தக் களி. அந்தத் தடத்தை பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மழைக்கணக்கு

தமிழ்நாடு முழுக்க மழை அளவு காலை 8.30 மணிக்குக் கணக்கெடுக்கப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டப் பட்டியலில் செங்குன்றம், சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தாமரைப்பாக்கம், ஊத்துக்கோட்டை என்று தனித்தனியாக வரும். நுங்கம்பாக்கத்தின் அளவை வைத்துச் சோழவரத்துக்குக் கிளம்பாதீர்கள். ஒரே இரவில் ஓரிடத்தில் 2 செ.மீ., இன்னோரிடத்தில் 9 செ.மீ. பெய்வது இந்தப் பருவத்தில் சர்வ சாதாரணம். செய்தியில் செ.மீ. என்றும் வரும், மி.மீ. என்றும் வரும், 1 செ.மீ. என்பது 10 மி.மீ.

வானிலைத் துறை கணக்கில் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 மி.மீ. வரை மிதமான மழை, அதற்கு மேல் கனமழை. அதையே ஓட்டுவதற்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் சரளையில் லேசான மழைக்குப் பிறகு மறுநாளே போகலாம். மிதமான மழை என்றால் ஒரு முழு வெயில் நாள் விடுங்கள். கனமழை என்றால் இரண்டு நாள். மணல் தோப்பு வழியில் மழை விட்ட சில மணி நேரத்திலேயே ஓட்டலாம். களிமண்ணில் லேசான மழைக்கே நான்கைந்து வெயில் நாள் தேவை. மிதமான மழை இரண்டு முறை பெய்துவிட்டால் அந்த ஆண்டுக்கு அது முடிந்தது. மேகமூட்டமான நாளைக் காய்ந்த நாளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேரமும் முக்கியம். வெயில் காலத்துப் பழக்கத்தில் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் பலர். இந்தப் பருவத்தில் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து பின்னிரவிலும் விடியற்காலையிலும் கொட்டுவது வழக்கம். எட்டு மணிக்கு ரேடார் படத்தைப் பார்த்து, கிழக்கே கடல் மேல் பெரிய திட்டு எதுவும் நகர்ந்து வரவில்லை என்றால் எட்டரைக்குக் கிளம்புங்கள். டிசம்பரில் மாலை 5.45 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நாலரைக்குள் தார் ரோட்டுக்கு வந்துவிடுவது போல வழியைச் சுருக்குங்கள்.

மூன்றாம் படி: ஏரியும் ஆறும்

உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாத நாளிலும் தடம் மூழ்கும். பூண்டி ஏரி நிரம்பி உபரிநீர் திறந்தால் அது கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் வழியாக எண்ணூரில் கடலுக்குப் போகும். வழியில் சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையஞ்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம் எல்லாம் அடிபடும். 2021 நவம்பரில் மணலி புதுநகருக்குள் வெள்ளம் புகுந்தது இந்த ஆற்றால்தான். புழல் ஏரியின் உபரிநீர் வேறு பாதை: நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம்.

நீர்வளத் துறையின் வெள்ள எச்சரிக்கையில் இந்த ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பட்டியலைவிட நல்ல வரைபடம் கிடையாது. அதில் பெயர் வந்த ஊரின் கால்வாயோர, ஆற்றோரத் தடங்களை அன்றே நீக்கிவிடுங்கள். புழல் ஏரியின் முழு மட்டம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. மட்டம் 19 அடியைத் தாண்டிவிட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உபரிநீர்க் கால்வாய்ப் பக்கம் போவதை நிறுத்திவிடலாம்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்புங்கள். கணுக்கால் உயரம்தானே என்று இறங்குவார்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். சக்கரம் பக்கவாட்டில் தண்ணீரை வாங்குவதால் சைக்கிளோடு இருப்பவர் இன்னும் சீக்கிரம் விழுவார். கலங்கல் தண்ணீரின் அடியில் பாலத்தின் ஓரம் இடிந்து போயிருந்தாலும் தெரியாது.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முடிய, முதல் தேர்வு செங்குன்றத்துக்கு மேற்கும் வடமேற்கும். செங்குன்றம்–திருவள்ளூர் சாலையில் பம்மதுகுளம், ஆலமாதி பக்கமும், ஜனப்பன்சத்திரம் கூட்டு சாலையிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையை ஒட்டியும் மேட்டுநில வண்டித்தடங்களைத் தேடுங்கள். மனைப்பிரிவுகளில் போட்ட கிராவல் ரோடு புதியவர்களுக்கு மிக நல்ல பயிற்சி இடம். சரளை போட்டு ரோலர் ஓட்டியிருப்பார்கள், வண்டி வராது, திருப்பங்கள் நிறைய. காவலாளி இருந்தால் கேட்டுவிட்டு நுழையுங்கள். ஆவடி பக்கம் கம்பிவேலி போட்ட பாதுகாப்புத் துறை நிலங்கள் உண்டு. வேலி அறுந்து கிடந்தாலும் உள்ளே போகக்கூடாது.

சவுடு மண் எடுத்த பள்ளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் ஏறி இறங்கிப் பழக அருமையான இடம். மழையில் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பி, ஏதோ குட்டை மாதிரி அமைதியாகக் கிடக்கும். ஆழம் இரண்டு ஆள் உயரம் இருக்கலாம். கரை செங்குத்து, மண் இளகல்; விழுந்தால் ஏறிவரப் பிடிமானம் இருக்காது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி ஓட்டுங்கள்.

ஏரிக்கரையின் மேலே ஓட்ட ஆசை வரும். மழைக்காலத்தில் தயவுசெய்து வேண்டாம். ஈரக்கரையில் டயர் கீறும் கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகும். அந்த வாய்க்கால் வழியே கரை அரிக்கத் தொடங்கும். கரைக்குக் கீழே ஊர் இருக்கிறது. சோழவரம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளில் பலகை வைத்தோ கதவு போட்டோ தடுத்திருந்தால் அதோடு நின்றுவிடுங்கள்.

இரண்டாம் தேர்வு கடலோரம். காசிமேடு முதல் எண்ணூர் வரை கரையில் கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். தொடர்ந்து ஓட்ட மணல் கிடையாது. காட்டுப்பள்ளிக்கு வடக்கேதான் நீண்ட மணல்வெளி. நீர்வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும். நாளுக்கு இரண்டு முறை கடல் வற்றும். நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கடற்கரைப் பேச்சே வேண்டாம். வலை காயும் இடம், படகு ஏற்றும் இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம்; இருட்டிய பின் கரையில் வெளிச்சத்தோடு திரியக்கூடாது.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய தடங்களில் இன்னொரு சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் படர்ந்தது. சேற்றிலோ செடியிலோ கறுப்புப் பிசின் தெரிந்தால் ஒதுங்குங்கள். டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடான ரோட்டரில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பிரேக் பேடு ஊறிவிடும். பிரேக் கத்தும், பிடிக்காது. பேடை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தடம் வரை எப்படிப் போகிறீர்கள் என்பதும் தேர்வில் சேரும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. தண்ணீர் நின்றால் பள்ளம் தெரியாது. பள்ளத்தைத் தவிர்க்க லாரி எந்தப் பக்கம் ஒடிப்பான் என்றும் தெரியாது. மாதவரம் ரவுண்டானா தாண்டி செங்குன்றம் போகிறவர்கள் முடிந்தால் சைக்கிளை வண்டியில் ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே இறக்குங்கள்.

ஐந்தாம் படி: நுழையும் முன் நடங்கள்

தடத்தின் வாயிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஐம்பதடி நடங்கள். குதிகாலை ஊன்றித் திருகுங்கள். தடம் பதிந்து அப்படியே நின்றால் சரி. பதிந்த குழியில் தண்ணீர் ஊறி வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். செருப்பின் அடியில் மண் அப்பிக்கொண்டு ஒவ்வோர் எட்டுக்கும் கனம் கூடினால் டயரிலும் அதேதான் நடக்கும். கோரையும் சம்பும் நிற்கும் இடம் பள்ளம். பனை வரிசையாக நிற்கும் இடம் பெரும்பாலும் மேடு. மாட்டு வண்டியும் டிராக்டரும் புதிதாகப் போன தடம் இருக்கிறதா, அது எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அரை விரல் ஆழம் என்றால் ஓட்டலாம். நான்கு விரல் ஆழமாக டிராக்டர் டயர் பதிந்திருந்தால் அந்தப் பள்ளம் உங்கள் பெடலைப் பிடித்துக்கொள்ளும்.

சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்

பெரிய செலவு தேவையில்லை. 70 கிலோ எடையுள்ளவர், 2.2 அங்குல டயர், உள்ளே டியூப் என்றால் காற்றழுத்தம் முன்னே 28, பின்னே 32 பி.எஸ்.ஐ. போதும். இன்னும் குறைத்தால் கல்லில் இடிபடும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் என்றால் 22, 25 வரை இறக்கலாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் களிப்பக்கமே போகாதீர்கள். டயரை ஒட்டி முழு நீளத்துக்கு வரும் மட்கார்டைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டும் குட்டி மட்கார்டு போடுங்கள்.

பிரேக் பேடு ஈரமண்ணில் வேகமாகத் தேயும். தேய்மானப் பொருள் 0.5 மி.மீ. ஆகும் முன் மாற்ற வேண்டும். ஒரு மி.மீ. இருந்தாலும் நீண்ட ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. மெட்டல் பேடு ஈரத்தில் அதிகம் தாங்கும். ஆனால் ரோட்டரில் ரெசின் பேடுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் மெட்டல் போடக்கூடாது, ரோட்டர் தேய்ந்துவிடும்.

வடக்கே பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள். காய்ந்த காலத்தில் ஓரத்தில் கிடக்கும் முள்ளை மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து தடத்தின் நடுவில் சேற்றுக்குள் சொருகி வைத்துவிடும். இரண்டு டியூப், ஒட்டுப்பெட்டி, பம்ப், டயர் லீவர், முள் பிடுங்க ஒரு ட்வீசர். புது டியூப் போடும் முன் டயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். முதல் முள் உள்ளேயே இருந்தால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

களியில் மாட்டிக்கொண்டால்

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் மாட்டுவீர்கள். முதலில் டயரின் மேலுள்ள புடைப்புகள் மறையும். பிறகு சக்கரம் சொரசொரவென்று உரசும் சத்தம். அடுத்த பத்தடியில் ஃபோர்க்கின் வளைவிலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் மண் கட்டியாகச் சேர்ந்து சக்கரம் நின்றுவிடும். அந்த உரசல் சத்தம் கேட்டதும் பெடலை நிறுத்திவிடுங்கள். அழுத்தி மிதித்துத் தாண்டிவிடலாம் என்று நினைத்தால், மண்ணும் புல்லும் செயினோடு சுற்றி, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டீரெய்லருக்குள் போகும். செயின் சிக்கி, டீரெய்லரைப் பின்னால் இழுத்து, அதைத் தாங்கும் ஹேங்கரை முறிக்கும். கெட்ட நேரமென்றால் ஸ்போக்கையும் சேர்த்து. ஹேங்கர் சின்னத் துண்டுதான். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வடிவம், தெருமுனைக் கடையில் கிடைக்காது. உங்கள் ஃபிரேமுக்கு உரியதை இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள்.

இறங்கி, ஒரு குச்சியால் மண்ணை வழித்துவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தடத்தின் ஓரப் புல்லில் நடந்து வெளியே வாருங்கள். தள்ளினால் மறுபடி அப்பும். வயல் வரப்பில் ஏறாதீர்கள். நனைந்த வரப்பு உடைந்தால் விவசாயிக்குத் தண்ணீர் போய்விடும்.

வீடு திரும்பியதும்

வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பம்ப் அடிக்க வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் ஹப் (சக்கர நடு), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடம்) பேரிங்குகளின் ரப்பர் சீலைத் தாண்டிப் போகும். கிரீஸ் வெளியேறி, இரண்டு மாதத்தில் கரகரவென்று சத்தம் வரும். இரண்டு வாளி தண்ணீர், ஒரு மென்மையான பிரஷ் போதும். கடலோரம் போயிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றி சைக்கிளைக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் போன தண்ணீர் வடியும். செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஈரத்துக்கான லூப்ரிகன்ட்டை ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே உள்ளதைத் துடைத்துவிடுங்கள். அதிகம் விட்டால் மண் ஒட்டி உப்புத்தாள் போலப் பல்சக்கரத்தைத் தேய்க்கும். செயினின் ஒரு பின்னில் ஸ்கேலை வைத்து, அதைச் சேர்க்காமல் எண்ணி வரும் 24ஆவது பின் வரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள்.

உடம்புக்கும் ஒரு கவனம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கால் சிராய்ப்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுந்த மின்கம்பியோ தண்ணீருக்குள் நிற்கும் மின்பெட்டியோ கண்டால் விலகி நின்று மின்னகத்துக்கு, 94987 94987, அழைத்துச் சொல்லுங்கள்.

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடந்தால் மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் களித்தடங்கள் மெல்லத் திறக்கும். அறுவடை வண்டி ஓடிக் கெட்டியான தடமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஏரி நிரம்பிய ஆண்டில் நவரை நடவு போடுவார்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் மாசி, பங்குனி வரைக்கும் ஈரமாகத்தான் இருக்கும். நாற்று நட்டிருக்கிறதா, தாள் காய்ந்து நிற்கிறதா என்று ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு இறங்குங்கள்.